செம்பனைக் குலை வெட்டும் தோள் கால்பந்துக்கு உதவுமா? உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

செம்பனைக்காரன், சுங்கை சிப்புட்:
ஏழு வருடம் செம்பனைக் குலை வெட்டியவன் நான். தலைக்கு மேல் நீளக் கம்பு, நுனியில் அரிவாள். வெட்டி விழும் குலை பல சமயம் 20 கிலோவைத் தாண்டும். அதைத் தள்ளுவண்டியில் ஏற்றிச் சாலைவரை கொண்டுவர வேண்டும். இந்த உடம்பை நம்பித்தான் தோட்டத்துக் கால்பந்துக் குழுவில் சேர்ந்தேன்.

முதல் ஆட்டம். இருபதாவது நிமிடத்தில் முட்டியில் கை ஊன்றி நின்றுவிட்டேன். குடித்த மைலோ தொண்டைவரை வந்தது. எதிரணியில் படிவம் நான்கு படிக்கிற ஒல்லிப் பையன் இடப்பக்கம் போவது போலக் காட்டி வலப்பக்கம் போய்விட்டான். நான் லோரி திரும்புகிற மாதிரி திரும்பி முடிப்பதற்குள் கோல்.

பயிற்றுநர் அண்ணன் மறுநாள் திடலில் 20 மீட்டர் இடைவெளியில் இரண்டு கூம்பு வைத்து ‘பீப்’ ஒலிக்கு ஓடவிட்டார். மணிக்கு 8.5 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கி நிமிடத்துக்கு நிமிடம் வேகம் கூடும். ஐந்தாம் கட்டத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். “தோளு இருக்கு தம்பி, மூச்சு எங்க?” என்றார். குலை வெட்டு மெதுவான வேலை. ஒரு மரம் முடித்து அடுத்த மரத்துக்கு நடக்கும்போது இளைப்பாறலாம். பந்தில் பாய்ந்து ஓடி, மூச்சு வாங்குவதற்குள் மறுபடி பாய வேண்டும்.

மூன்று மாதம் 30 விநாடி ஓட்டம், நடந்து திரும்புதல், மறுபடி ஓட்டம். மூச்சு வந்துவிட்டது. ஆனால் திரும்புவதில் இன்னும் லோரிதான். அதனால் நடுத் தற்காப்பில் போட்டார்கள். தலையால் முட்டப் போகும்போது அந்தத் தோளோடு மோத யாரும் விரும்புவதில்லை!

தமிழ்ப்பள்ளி ஆசிரியை:
பள்ளியில் நடத்தும் செகாக் உடற்தகுதிச் சோதனையில், ஒன்றில் தேறுகிறவர் இன்னொன்றில் தடுமாறுவதை அடிக்கடி பார்க்கிறேன். மூன்று நிமிடம் பலகையில் ஏறி இறங்கி, சிரித்துக்கொண்டே நாடித்துடிப்பு எண்ணக் கையை நீட்டுவான் ஒரு பையன். அவனையே கால் நீட்டி உட்கார்ந்து பாதத்தைத் தொடச் சொன்னால் விரல் கணுக்காலோடு நின்றுவிடும்.

உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிடும் பிஎம்ஐ-யில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. அதற்குத் தசை எது, கொழுப்பு எது என்று தெரியாது. என் மாணவி ஒருத்திக்கு அதில் எப்போதும் ‘அதிக எடை’ என்றுதான் வரும். குண்டு எறிதலில் பையன்கள்கூட அவளை எட்ட முடியாது. பலத்தை ஒரே நொடியில் வேகமாக மாற்றத் தெரிந்தவள்.

வகுப்பில் ஒருநாள் மலேசிய ஓட்ட வீரர் ஜெகதீசனைப் பற்றிப் பேசினோம். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை 2017 வரை நின்றது. அப்புறம் 1998 காமன்வெல்த்தில் 50 கிலோமீட்டர் நடையில் தங்கம் வாங்கிய சரவணன். “டீச்சர், ரெண்டு பேர்ல யாருக்கு உடற்தகுதி அதிகம்?” என்றது ஒரு வாண்டு. எவ்வளவு தூரம் என்று சொல், பதில் சொல்கிறேன் என்றேன்.

பால்வெட்டுப் பாட்டி (பேத்தி தட்டச்சு செய்கிறாள்):
பலம், மூச்சு, வேகம் எல்லாம் சொன்னீங்க, சமநிலையை விட்டுட்டீங்களே ஐயா. தோளில் சுமக்கிற காண்டாக் கம்பில் ரெண்டு ரப்பர்ப் பால் வாளி, மழை பெய்த சரிவு, காலில் அட்டை. சிந்தினால் நிறுவையில் குறையும். இவள் சிலம்பத்தில் ஒற்றைக்காலில் தடுமாறினாள். கம்பில் ரெண்டு வாளி தண்ணீர் மாட்டி வாசலில் நடக்கவிட்டேன். முதல் நாள் வாசலெல்லாம் சேறு. ஒரு வாரம் கழித்துப் பாதி வாளி மிஞ்சியது.