கன்ட்ரோல் ஆர்ம்: தமிழில் என்ன? (வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்)

மன்னார்குடி, தொழிற்பயிற்சி ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். மாணவர்களுக்கான பணிமனைக் கையேடு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. 'கன்ட்ரோல் ஆர்ம்' என்ற இடத்தில் மூன்று நாளாக நிற்கிறேன். பழைய பிரதியில் 'கட்டுப்பாட்டுக் கரம்' என்றிருக்கிறது. வாசித்த பையன், "ஹேண்ட் பிரேக்கா மேடம்?" என்று கேட்டான்.

பொருள் இதுதான்: வண்டியின் அடிச்சட்டத்தையும் சக்கரத்தைத் தாங்கும் நக்கிளையும் இணைக்கிற இரும்பு. பெரும்பாலும் உள்பக்கம் ரப்பர் புஷ் (போல்ட் நுழையும், ரப்பர் பொதிந்த குழாய்) இரண்டு, வெளிமுனையில் பால் ஜாயிண்ட் (பல பக்கமும் திரும்பும் குண்டு மூட்டு) ஒன்று. சக்கரம் ஏறி இறங்கலாம். முன்பின்னாகவோ பக்கவாட்டிலோ விலகக் கூடாது. எர்டிகாவின் முன்பக்கத்தில் கீழே மட்டும்தான்; இன்னோவா கிரிஸ்டாவில் மேலே ஒன்று, கீழே ஒன்று. ஆகவே மேல், கீழ் என்று முன்னால் சேர்க்கத் தோதான சொல் வேண்டும்.

கும்பகோணம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, ஓட்டு வீட்டுக்குள் படுத்து அண்ணாந்து பாருங்கள். கைமரம்! ஒரு முனை உத்தரத்தில், மறுமுனை வெளியே நீண்டு. மேல்கைமரம், கீழ்க்கைமரம். முடிந்தது.

வேதாரண்யம், மெக்கானிக்:

ஐயா மன்னிக்கணும். வெல்டிங் அடிக்கிற சாமானை மரம்னு சொன்னா பையன் ரம்பத்தை எடுத்துட்டு வருவான். எங்க பட்டறையில 'லோயர் ஆர்ம்'னா போதும்.

திருவாரூர்:

மரம் என்றதும் ஞாபகம் வருகிறது. புறநானூறு 102-இல் ஔவையார் உப்பு வணிகரான உமணரின் வண்டியைச் சொல்கிறார்: 'அவல் இழியினும் மிசை ஏறினும்'. பள்ளத்தில் இறங்கினாலும் மேட்டில் ஏறினாலும் என்ன ஆகுமோ என்று 'கீழ்மரத்து யாத்த சேம அச்சு', அதாவது வண்டியின் அடிமரத்தில் கட்டிவைத்த மாற்று அச்சு. மேடு பள்ளம் பற்றிய கவலை 2000 ஆண்டுகளாக அதேதான். லோயர் ஆர்முக்குக் 'கீழ்மரம்' என்றே வைத்துவிடலாமே? சங்கச் சொல் கைவசம் இருக்கும்போது புதிதாக எதற்கு?

தஞ்சாவூர்:

சேம அச்சு நம்ம ஸ்டெப்னிக்குப் பாட்டன். கீழ்மரம் அதைக் கட்டிவைத்த இடம். சக்கரத்தைப் பிடிக்கிற வேலை அதற்கு இல்லை. சொல் பழையது என்பதற்காக எதன் தலையிலும் வைக்க முடியாது.

வடிவத்தைப் பாருங்கள்: உள்ளே இரண்டு கால், வெளியே ஒரு முனை. கவண் செய்யக் கவட்டைக் குச்சி ஒடித்தவர்களுக்கு உடனே புரியும். 'கவை' என்பேன். கவர், கவடு, கவட்டை எல்லாம் ஒரே குடும்பம். பாதை பிரியும் இடத்தைச் சங்கப் பாடல்கள் 'கவலை' என்கின்றன; மனம் இரண்டாகப் பிரிவதும் அதனால்தான் கவலை என்பது என் கட்சி. ஆங்கிலக்காரர்களும் இதே உருப்படியைக் கோழியின் கவட்டெலும்புப் பெயரால்தான் (விஷ்போன்) அழைக்கிறார்கள்.

வேதாரண்யம்:

பில்லுல 'கவலை ரெண்டு'ன்னு எழுதினா கஸ்டமர் பணம் தருவாரா? ஆனா உமணர் கதை பிடிச்சிருக்கு, நானும் உப்பு லோடு வண்டிதான் பார்க்கறேன். உப்புக்காத்துல போல்ட் புஷ்ஷோட ஒட்டிக்கிட்டு அசையவே அசையாது. முதல் நாளே எண்ணெய் விட்டு ஊறவைக்கணும். பால் ஜாயிண்ட் ரப்பர் உறை கிழிஞ்சா கிரீஸ் போய்த் தண்ணி ஏறிடும். அதை எழுதுங்க மேடம்.

திருவாரூர்:

எங்கள் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது. இன்றும் வீதி திரும்பும் இடத்தில் முட்டுக்கட்டைதான். 'முட்டு' என்று பெயர் வைத்தால்?

தஞ்சாவூர்:

ஐயா, தேருக்கு சஸ்பென்ஷனே கிடையாது.

மன்னார்குடி:

சொல் இருக்கட்டும். எனக்கு இதில் சொந்த நோவு உண்டு. எங்கள் வீட்டு வண்டி வேகத்தடை ஏறினால் 'கடக்'கென்றது. பிரேக் பிடித்தால் இடப்பக்கம் இழுத்தது, டயர் உள்விளிம்பு மொட்டையாகத் தேய்ந்தது. ஓரிடத்தில் இரண்டு ஆர்மும் மாற்றினார்கள். ஐந்தே மாதம்: சாலையில் காயப்போட்ட நெல்லுக்கு ஒதுங்கி இறங்கியபோது மறுபடி 'கடக்'. கழற்றினால் புதுப் புஷ் ரப்பர் சுற்றிலும் கிழிந்திருந்தது. சக்கரம் தொங்க, ஜாக்கியில் நிற்கும்போதே புஷ் போல்ட்டை இறுக்கிவிட்டிருக்கிறார்கள்! அந்த ரப்பர் உருள்வதில்லை, முறுகுகிறது. வண்டி தரையில் உட்கார்ந்ததுமே முறுக்கேறிப்போகும். எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே கடைசி முடுக்கு, பிறகு அலைன்மெண்ட். மாணவர் தடுமாறாமல் படிக்க வேண்டிய வரி அது. அதற்குத்தான் சொல் கேட்கிறேன்.

வேதாரண்யம்:

நூத்துக்கு நூறு. கவைன்னா சரி, சின்னதா இருக்கு. பக்கத்துல ஆர்ம்னும் போடுங்க.

கும்பகோணம்:

நேர்த்தண்டாகவே வரும் ஆர்ம்களும் உண்டே, அவற்றில் கவை எங்கே? என் வாக்கு கைமரத்துக்கே. கூட்டத்தோடு போகட்டும் என்று விட்டுவிடாமல் என் மறுப்பையும் குறித்துவையுங்கள்.

மன்னார்குடி:

குறித்துக்கொண்டேன் ஐயா. நேர்த்தண்டுக்குப் பதில் என்னிடம் இல்லை. 'கவைக்கை' என்று போட்டு, முதல் இடத்தில் 'பட்டறை வழக்கில் ஆர்ம்' என்று சேர்த்து அனுப்புகிறேன். 'நக்கிள்', 'புஷ்' இரண்டையும் இந்த முறை அப்படியே விடுகிறேன்.

திருவாரூர்:

புஷ்ஷை விடுவதா? 'குடம்' இருக்கிறதே! வண்டிச் சக்கரத்தின் நடுவில் அச்சு நுழையும் இடம்...