மறு: ஆத்தரைஸ்டு டிஸ்ட்ரிபியூட்டர் – வந்தவழி, நேர்வழி, சுற்றுவழி

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

வெளிநாட்டு இணையக் கடைகளில் மின்னணு உறுப்புகள் வாங்கும் மாணவர்களுக்காக நாம் எழுதிவரும் கையேட்டில், ஆத்தரைஸ்டு டிஸ்ட்ரிபியூட்டர், அதாவது தயாரிப்பாளரே தன் சரக்கை விற்க ஒப்புக்கொண்ட வழங்குநர், என்பதற்கு என்ன சொல் போடலாம் என்று நம் குழுவின் அம்மா ஒருவர் கேட்டிருந்தார்கள். இதுவரை மூன்று சொற்கள் வந்துள்ளன: அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தர், ஆலை முகவர், நம்பக விற்பனையாளர். மூன்றிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை.

முதல் சொல் நீளம் என்பது சிறிய குறை. யார் அங்கீகரித்தது என்று அதில் இல்லை என்பதுதான் பெரிய குறை. படிக்கிற பிள்ளை ஏதோ அரசாங்க உரிமம் என்று நினைத்துக்கொள்ளும். இரண்டாவதில், முகவர் என்றால் நம் வழக்கில் கமிஷனுக்கு வேலை செய்பவர், காப்பீட்டு முகவர் போல. ஆனால் மினசோட்டாவின் தீஃப் ரிவர் ஃபால்ஸில் இருக்கும் டிஜி-கீயோ, டெக்சஸின் மேன்ஸ்ஃபீல்டில் இருக்கும் மவுசரோ, இந்த உறுப்புகளை விற்கும் அமெரிக்க நிறுவனங்கள் இரண்டும், அப்படி இல்லை. தயாரிப்பாளரிடம் சரக்கைத் தாங்களே வாங்கி, தங்கள் கிடங்கில் வைத்து, ஒற்றைச் சில்லு (சிப்) கேட்டாலும் எடுத்துக் கொடுக்கிறார்கள். மூன்றாவது, வாங்குபவர் எடுக்க வேண்டிய முடிவை விற்பவரின் பெயரிலேயே ஒட்டிவிடுகிறது.

சொல்லுக்குள் என்ன கருத்து இருக்க வேண்டும் என்று முதலில் பார்ப்போம். எனக்கு அது விளங்கியது ஒரு நஷ்டத்தால்.

சில வருஷங்களுக்கு முன் ஓர் ஒலிபெருக்கிச் சுற்றுக்காக, வெளிநாட்டு இணையச் சந்தை ஒன்றில் சிறு மின்குறிப்பைப் பெருக்கும் எட்டுக்கால் ஆப்-ஆம்ப் சில்லுகள் பத்து வாங்கினேன். கடைக்கு ஐந்து நட்சத்திரம். விலை மற்ற இடங்களில் இருப்பதில் பாதி. வந்த சரக்கு பார்க்கப் புதிதாகத்தான் இருந்தது. சுற்றில் போட்டால் இரைச்சல். ஒரு சில்லை எடுத்து, காது குடையும் பஞ்சில் அசிட்டோன் தொட்டு மேலே தேய்த்தேன். பஞ்சு கறுத்தது. எழுத்து போய், அதன் கீழே உப்புத்தாள் தேய்த்த கோடுகள், எல்லாம் ஒரே திசையில். முதல் காலைக் காட்டும் குழி பாதி தூர்ந்திருந்தது. பத்தையும் திருப்பி வைத்துப் பார்த்தேன். மேலே எல்லாவற்றிலும் 1432, அதாவது 2014-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரம் என்ற ஒரே தேதிக் குறி. அடியிலோ சிலவற்றில் மலேசியா, சிலவற்றில் தாய்லாந்து. வேறு வேறு பழைய சில்லுகளைச் சுரண்டி, கறுப்புப் பூசி, ஒரே பெயரை அச்சடித்திருக்கிறார்கள்.

அந்த ஐந்து நட்சத்திரங்களைப் பிறகு நிதானமாகப் படித்தேன். ‘சீக்கிரம் வந்தது’, ‘பேக்கிங் நன்று’ என்றுதான் பெரும்பாலும் இருந்தது. சில்லுக்குள் என்ன இருக்கிறது என்று பொட்டலம் பிரித்த அன்றே யாருக்கும் தெரியாது. சென்னை ரிச்சி தெருவில் என்றால் மறுநாளே போய்க் கடைக்காரர் முன்னால் நிற்கலாம். கடல் தாண்டி வாங்கும்போது திருப்பி அனுப்பும் செலவு சரக்கின் விலையைத் தாண்டிவிடும். அதனால் வாங்கும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தச் சில்லு ஆலையிலிருந்து இந்தக் கடைக்கு எந்த வழியாக வந்தது?

இப்படி வந்த வழியைத் தெரிந்துகொள்ள முடிவதை ஆங்கிலத்தில் டிரேசபிலிட்டி என்கிறார்கள். இதற்குக் ‘கைமாற்றுத் தடம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். கைமாற்று என்றால் நமக்குச் சில்லறைக் கடன், குழப்பம் வரும். ‘வழித்தடம்’ பேருந்துக்குப் போய்விட்டது. என் பரிந்துரை வந்தவழி. ‘இந்த ரீலுக்கு (சில்லுகளைச் சுற்றி வைத்த சுருளுக்கு) வந்தவழி இருக்கிறதா?’ என்று விற்பவரிடம் கேட்டுப் பாருங்கள், வாயில் இயல்பாக வரும். வந்தவழிச் சான்று, வந்தவழி தெரியாத சரக்கு என்று நீட்டவும் முடியும்.

இதிலிருந்தே விற்பவர்களுக்கான மற்ற இரண்டு சொற்களும் பிறக்கும். தயாரிப்பாளரிடமிருந்து இடையில் கை மாறாமல் வாங்கி விற்பவர் நேர்வழி வழங்குநர். பலரிடம் கிடைத்ததை வாங்கி விற்பவர், ஆங்கிலத்தில் புரோக்கர், இண்டிபெண்டன்ட் என்றெல்லாம் சொல்கிறார்களே, அவர் சுற்றுவழி வழங்குநர்.

நேர்வழி என்றால் அறவழி என்று பொருள் வருமே, சுற்றுவழிக்காரரை எல்லாம் திருடர் என்பதுபோல் ஆகாதா என்று குழுவின் ஐயா ஒருவர் தனிமடலில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் சுற்றுவழி என்ற சொல்லில் குற்றம் இல்லை. நேர்ச்சாலை அடைபட்டால் சுற்றித்தான் போகிறோம். மருத்துவக் கருவி ஒன்றைப் பழுதுபார்க்க, உற்பத்தி நின்றுபோன ஒரு சில்லு வேண்டுமென்றால் சுற்றுவழியில்தான் கிடைக்கும். ஒழுங்காகச் சோதித்துத் தரும் சுற்றுவழி வழங்குநர்களும் இருக்கிறார்கள். தரகர் என்று போட்டால்தான் அவர்களுக்கு அநியாயம் செய்தவர்களாவோம்.

இன்னொரு லாபமும் உண்டு. வழி என்பது கடைக்கு நிரந்தரமாக ஒட்டிய பட்டம் இல்லை. ஒரே கடை ஒரு தயாரிப்பாளருக்கு நேர்வழியாகவும் இன்னொருவருக்குச் சுற்றுவழியாகவும் இருக்கலாம். காலமும் மாற்றும். சில்லுத் தயாரிப்பாளரான டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தன் வழங்குநர்களைக் குறைத்தபோது, அவர்களில் ஒன்றான அவ்நெட் நிறுவனத்துடனான ஒப்பந்தம் 2020 இறுதியோடு முடிந்தது. அவ்நெட் நேற்றுவரை இருந்த அதே பெரிய நிறுவனம்தான், அந்த ஒரு தயாரிப்பாளருக்கான நேர்வழி மட்டும் நின்றது. ஆகவே கையேட்டில் எப்போதும் ‘இன்னாருக்கு நேர்வழி வழங்குநர்’ என்றே எழுத வேண்டும். தயாரிப்பாளரின் சொந்தத் தளத்தில் உள்ள வழங்குநர் பட்டியலைப் பார்க்கச் சொல்லவும் அங்கேயே இடம் கிடைக்கும். பெரிய கடைகளின் தளங்களிலேயே மூன்றாம் நபர் விற்கும் பகுதியும் இருக்கிறது. அந்தச் சரக்கின் வழி வேறு என்பதைத் தனியாகச் சொல்லிவிடலாம்.

இதெல்லாம் நுணுக்கம் பார்ப்பது இல்லை. 2014 அக்டோபரில் எஃப்டிடிஐ என்ற சில்லு நிறுவனத்தின் புதிய டிரைவர் (கருவியைக் கணினியோடு பேச வைக்கும் மென்பொருள்) விண்டோஸ் அப்டேட் வழியாக வந்தபோது, கருவியை யுஎஸ்பி வழியாகக் கணினியோடு இணைக்கும் அதன் எஃப்டி232 சில்லைப் போல் செய்யப்பட்ட போலிச் சில்லுகளின் அடையாள எண்ணைப் பூஜ்யமாக மாற்றியது. வேலை செய்துகொண்டிருந்த கருவியைக் கணினி அடையாளம் காணவில்லை. உள்ளே போலி இருப்பதே பலருக்கு அன்றுதான் தெரிந்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 2012-இல், அமெரிக்க செனட்டின் ஆயுதப்படைக் குழு வெளியிட்ட அறிக்கையில் ராணுவக் கொள்முதலில் போலி எனச் சந்தேகிக்கப்பட்ட சுமார் 1,800 சம்பவங்கள், 10 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்புகள் கணக்கில் வந்தன. அவ்வளவு பெரிய துறைக்கே வந்தவழி தவறியிருக்கிறது.

போலி என்ற சொல் பற்றியும் ஒரு வார்த்தை. எஃப்டி232 விஷயத்தில் உள்ளே இருந்தது வேறொருவர் செய்த சில்லு, அது போலி. எனக்கு வந்ததோ பழைய சில்லுக்குப் புதுப் பெயர். அதற்கு மறுமுத்திரைச் சில்லு என்று தனியாக வைக்கலாம். சோதிக்கும் முறை வேறு என்பதால் பெயரும் வேறாக இருப்பது நல்லது.

அப்புறம், யாழ்ப்பாண நண்பர் தன் மடலில் ‘இலத்திரனியல் கூறுகள்’ என்று எழுதியிருந்தார். நான் மின்னணு உறுப்புகள் என்றே எழுதிப் பழகியவன். கையேட்டில் முதல் முறை வரும் இடத்தில் இரண்டையும் சேர்த்துப் போட்டுவிடலாம் என்பது என் எண்ணம். அவரிடம் ஒன்று கேட்க வேண்டும்: சுற்றுவழி என்ற சொல்லுக்கு அங்கே வேறு ஏதாவது பொருள் பழக்கத்தில் உண்டா? இருந்தால் மாற்றிக்கொள்ளத் தயார். வந்தவழியை மட்டும் விட மனமில்லை.