ஷீட் போட்ட வீடு ஒழுகாதா?

வீடு தேடுபவன்: மார்த்தாண்டம் பக்கம் 6 சென்ட்டில் பழைய காங்கிரீட் வீடு ஒன்று பார்த்திருக்கிறேன். மட்டுப்பாவுக்கு, அதாவது காங்கிரீட் மொட்டை மாடிக்கு மேலே ட்ரஸ் என்கிற இரும்புச் சட்டம் அடித்துத் தகர ஷீட் போட்டிருக்கிறார்கள். ஷீட் போட்ட வீடு ஒழுகாது, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று இந்தக் குழுவில் ஒரு அண்ணன் நேற்று எழுதியிருந்தார். நம்பலாமா?

தக்கலை அக்கா: நம்பாதீர்கள் தம்பி. அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. ஒழுகாத வீட்டுக்கு எதற்கு ஷீட்? ஒழுகியதால்தான் போட்டிருப்பார்கள். அதை மட்டும் யோசித்துப் பாருங்கள்.

ட்ரஸ் வேலைக்காரன்: நான்தான் எழுதினேன். 17 வருஷமாக இதே வேலை. களியக்காவிளை தாண்டி பாறசாலை, நெய்யாற்றின்கரை வரை போய் ட்ரஸ் அடித்திருக்கிறேன். ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. நடுவில் வெயில் வேறு காங்கிரீட்டைப் போட்டுக் காய்ச்சுகிறது. வெடிக்காமல் என்ன செய்யும்? ஷீட் போட்டால் வெயிலும் விழாது, தண்ணீரும் நிற்காது. ரப்பர் பாலை உறைய வைத்து அடித்த ஷீட் காயப்போட இடமும் கிடைக்கும். ஒழுகாது என்றால் ஒழுகாது.

தக்கலை அக்கா: ரப்பர் காயப்போட ஷீட் போட்டவர்களைப் பற்றி நான் பேசவில்லை. விற்பதற்கு முந்தின வருஷம் போட்டவர்களைப் பற்றிப் பேசுகிறேன். நாங்கள் வாங்கிய வீடு அப்படித்தான். புதுப் பெயிண்ட், புட்டி எல்லாம் பளபளவென்று இருந்தது. ஆறாம் மாதம் படுக்கையறைக் கூரையில் செம்மண் நிறத்தில் நூல் போல ஒரு கோடு விழுந்தது. கோடு கம்பி போகிற வழியிலேயே நேராகப் போனது. ஒருநாள் மத்தியானம் ஒரு சாண் அகலப் பூச்சு கட்டிலில் வந்து விழுந்தது, பிள்ளை எழுந்து போய் ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மேலே ஷீட் ஒரு கீறல் இல்லாமல் அப்படியே இருந்தது. இப்போது சொல்லுங்கள், ஒழுகாத வீட்டுக்கு எதற்கு ஷீட்?

ட்ரஸ் வேலைக்காரன்: அது ஒழுகவில்லையே அக்கா, உதிர்ந்தது. நான் ஒழுகாது என்றுதான் சொன்னேன்.

தக்கலை அக்கா: பிள்ளை தலையில் விழுந்திருந்தால் ஒழுகியதா உதிர்ந்ததா என்று பிரித்துப் பார்த்துக்கொண்டா இருப்போம்? ஷீட் போடுவதற்கு முன்னால் பல வருஷம் குடித்த தண்ணீர் கம்பியில் துருவாக நிற்கிறது. துருப்பிடித்தால் கம்பி பருக்கும், பருத்தால் காங்கிரீட்டைத் தள்ளும். கடல் மணல் கலந்து வார்த்திருந்தால் உப்பு உள்ளேயே இருக்கும். அப்புறம் மேலே மழை விழாவிட்டாலும் காற்றின் ஈரம் போதும். ஷீட் அதைக் குணப்படுத்தாது, மூடி வைக்கும்.

செங்கோட்டைக்காரன்: இதற்குத்தான் ஓட்டு வீடு வேண்டும் என்பது. ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் சாரல் எங்கள் ஊரில் மாதக்கணக்கில் நிற்கும். ஓட்டுச் சாய்ப்பில் ஒரு சொட்டு தங்காது. ஓடு உடைந்தால் ஒன்றை மாற்றினால் முடிந்தது. குமரிக்காரர்கள்தான் நல்ல ஓட்டைப் பிரித்துப் போட்டுவிட்டு காங்கிரீட் போட்டார்கள்.

விளவங்கோட்டான்: உங்கள் சாரலும் எங்கள் மழையும் ஒன்றா? எங்களுக்கு இரண்டு பருவமும் உண்டு. குமரி மாவட்டம் பிறந்த அன்றிலிருந்து செங்கோட்டைக்காரர்கள் எங்களுக்குப் பாடம் எடுக்கிறார்கள்.

செங்கோட்டைக்காரன்: நாங்களும் 1956 நவம்பர் 1 அன்று உங்களோடு திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து வந்தவர்கள்தான். எங்கள் தாத்தா வீட்டுப் பழைய ஆதாரம், அதாவது பத்திரம், மலையாளத்தில்தான் இருக்கிறது. பெருமை உங்களுக்கு மட்டும் சொந்தமில்லை.

வீடு தேடுபவன்: நான் பார்த்த வீட்டின் மூல ஆதாரமும் மலையாளம்தான். யாரிடம் படிக்கக் கொடுக்கலாம்?

விளவங்கோட்டான்: பழைய ஆதார எழுத்தர்கள் படிப்பார்கள். கூடவே வில்லங்கச் சான்று 30 வருஷத்துக்குப் போட்டுப் பாருங்கள். சென்ட் கணக்கையும் நீங்களே அளந்து பாருங்கள். ஒரு சென்ட் 435.6 சதுர அடி, 6 சென்ட் என்றால் 2613.6 வர வேண்டும். பாதையை உள்ளே சேர்த்துச் சொல்லியிருப்பார்கள்.

தக்கலை அக்கா: ஆதாரம் இருக்கட்டும், முதலில் கூரையைப் பாருங்கள் தம்பி. ஏணி வைத்து ஷீட்டுக்கு அடியில் ஏறுங்கள். மட்டுப்பாவில் தார் பூசியிருக்கிறதா, வெடிப்பில் சிமெண்ட் அடைத்திருக்கிறதா பாருங்கள். கீழே வந்து ஒரு கம்பால் கூரையைத் தட்டுங்கள். கணீர் என்றால் சரி, பொத்தென்று கேட்டால் பூச்சு விட்டிருக்கிறது. அப்புறம் விற்பவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: ஒழுகாத வீட்டுக்கு எதற்கு ஷீட்?

ட்ரஸ் வேலைக்காரன்: நீங்கள் ஒருவர் ஏமாந்ததற்கு எங்கள் தொழிலையே பழிக்கக் கூடாது. என் வீட்டுக்கும் ட்ரஸ் போட்டிருக்கிறேன். காங்கிரீட் வார்த்த அதே வருஷம் போட்டேன், ஒழுகிய பிறகு இல்லை. 2017 நவம்பர் 30, ஒக்கி புயலில் பக்கத்து வீட்டு ரப்பர் மரங்கள் வேரோடு சாய்ந்தன. என் ஷீட்டில் ஒரு போல்ட்கூடக் கழன்றதில்லை.

விளவங்கோட்டான்: ஒக்கியில் எங்கள் தென்னந்தோப்பில் வந்து விழுந்த ஷீட்டெல்லாம் யார் அடித்தது அண்ணே? அன்றைக்குக் கேட்டபோது போனை எடுக்கவில்லை.

ட்ரஸ் வேலைக்காரன்: அது நான் அடித்த வேலை இல்லை, தம்பிக்கே தெரியும். கூலி பாக்கி வைத்தது யார் என்றும் இங்கே எழுதட்டுமா?

செங்கோட்டைக்காரன்: ஓடாக இருந்தால் பறந்தே இருக்காது.

விளவங்கோட்டான்: பறக்காது, மரம் விழுந்தால் நொறுங்கி வீட்டுக்குள் கொட்டும். ஒக்கி அன்று எங்கள் ஊரில் வந்து பார்த்திருக்க வேண்டும்.

வீடு தேடுபவன்: இன்று போய்த் தட்டிப் பார்த்தேன். சமையலறையில் ஒரு மூலையில் மட்டும் பொத்தென்று கேட்டது. விலையில் குறைத்துக் கேட்கலாமா, விட்டுவிடலாமா?

ட்ரஸ் வேலைக்காரன்: ஒரு மூலைதானே. கொத்தனாரை விட்டுக் கொத்தி, கம்பியைத் தேய்த்துப் பூசிவிட்டால் தீர்ந்தது. மேலே ஷீட் இருக்கிறது, இனி ஒழுகாது.

தக்கலை அக்கா: எங்கள் வீட்டிலும் முதலில் ஒரு மூலைதான். ஷீட் போட்டது எந்த வருஷம் என்று விற்பவர் வாயால் சொன்னாரா தம்பி?