அனலொக் வடிவமைப்பை ஆழமாகக் கற்க: கணினியா, மேசையா?

கோண்டாவில் மாணவி: உயர்தரப் பௌதிகவியலில் செயற்பாட்டு விரியலாக்கியின் (op-amp, சிறு மின்னழுத்த வேறுபாட்டைப் பெருக்கும் சில்லு) பொன்விதிகள் எனப்படும் அடிப்படை விதிகளைப் படித்து, பட்டப்படிப்பிலும் அதையே விரிவாகக் கற்ற நான், இப்போது கிணற்றுநீரின் உவர்த்தன்மையை அளக்கும் கருவியொன்றைச் சொந்தமாக வடிவமைக்க விரும்புகிறேன். சுற்றுகளைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் எல்.ரி.ஸ்பைஸ் (LTspice) போன்ற இலவச மென்பொருளை வைத்தே அனலொக் வடிவமைப்பை ஆழமாகக் கற்கலாமா, அல்லது அலைகளைத் திரையில் காட்டும் அலைவுகாட்டி (oscilloscope) வாங்கியே தீர வேண்டுமா?

நல்லூரான்: தங்கச்சி, தாளிலும் மென்பொருளிலும் தொடங்குங்கள். 741 என்னும் செயற்பாட்டு விரியலாக்கியின் வெளியீடு மைக்கிரோசெக்கனுக்கு ஏறத்தாழ 0.5 வோல்ற்றுக்கு மேல் மாறாது. 10 வோல்ற்று உச்சமுள்ள 20 கிலோஹேர்ட்ஸ் சைன் அலைக்கோ மைக்கிரோசெக்கனுக்கு 1.26 வோல்ற்று வேகம் வேண்டும் என்பதால், வெளியீடு முக்கோண அலையாகிவிடும். இதைக் கணக்கிட்டு முன்கூட்டியே சொல்லத் தெரியாதவருக்கு அலைவுகாட்டி படம் காட்டுமே தவிர, காரணம் சொல்லாது.

சுன்னாகத்தார்: இதை என்னால் ஏற்க முடியவில்லை. மென்பொருளில் இரு புள்ளிகளை இணைக்கும் கோட்டுக்குத் தூண்டலும் இல்லை, கொள்ளளவமும் இல்லை. பற்றாசின்றிச் சுற்றுக் கட்டும் பிரெட்போட்டின் அடுத்தடுத்த வரிசைகளுக்கிடையே சில பிக்கோபரட்டு கொள்ளளவம் எப்போதும் இருக்கும். பின்னூட்டலில் (வெளியீட்டை உள்ளீட்டுக்குத் திருப்பும் பாதையில்) 1 மெகாஓம் தடையியைப் போட்டால், வெறும் 2 பிக்கோபரட்டே 80 கிலோஹேர்ட்ஸுக்கு மேல் விரியலாக்கத்தைக் குறைக்கத் தொடங்கிவிடும். திரையில் சரியாக ஓடிய சுற்று மேசையில் ஏன் ஓடவில்லை என்று தேடும் இடத்தில்தான் உயர்நிலைப் படிப்பே தொடங்குகிறது.

நல்லூரான்: அந்த 2 பிக்கோபரட்டையும் மாதிரியில் சேர்த்துவிட்டால் திரையும் அதையே காட்டும். சுற்றில் தானாக எழும் அலைவு நிற்கும்வரை கொள்ளளவிகளை மாற்றி மாற்றிப் பொருத்துபவர் அந்த ஒரு பலகையைத் திருத்துவார். அடுத்த பலகையில் மீண்டும் அதே இடத்திலிருந்து தொடங்குவார்.

சுன்னாகத்தார்: எதைச் சேர்க்க வேண்டும் என்பதை யார் சொல்லித் தருவது? மாணவியின் கருவியையே எடுப்போம். நேரோட்டம் கொடுத்தால் மின்வாய்களில் முனைவாக்கம் (அயன்கள் மின்வாயருகே குவிதல்) ஏற்பட்டு அளவீடு நகர்ந்துகொண்டே போகும் என்பதால், 1 கிலோஹேர்ட்ஸ் அளவில் ஆடலோட்டம் கொடுக்க வேண்டும். கிணற்றுக்குள் 10 மீற்றர் ஓரச்சு வடம் (coaxial cable) இறங்கினால், மீற்றருக்கு ஏறத்தாழ 100 பிக்கோபரட்டு வீதம் 1000 பிக்கோபரட்டு விரியலாக்கியின் தலையில் விழும். விரியலாக்கியின் வெளியீட்டுத் தடையும் அந்தக் கொள்ளளவமும் சேர்ந்து பின்னூட்டலில் திரும்பும் அலையின் அவத்தையை (phase) பின்தள்ளுவதால், 1 கிலோஹேர்ட்ஸ் அலையின்மேல் மெகாஹேர்ட்ஸ் அளவிலான நுண் அலைவு படர்ந்திருக்கும். மல்ற்றிமீற்றர் அதைக் காட்டாது. வெளியீட்டில் 100 ஓம் தடையியைத் தொடராகப் போட்டால் அது அடங்கும்.

கோண்டாவில் மாணவி: ஐயா, அந்த 100 ஓம் நீரின் தடையோடு சேர்ந்துவிடாதா? கல மாறிலி (மின்வாய்களின் இடைவெளியைப் பரப்பால் வகுத்த பெறுமானம்) 1 ஆக இருந்தால், சென்ரிமீற்றருக்கு 5000 மைக்கிரோசீமன் கடத்துதிறனுள்ள உவர்நீரின் தடை 200 ஓம்தானே?

நல்லூரான்: மிகச் சரியான கேள்வி. பின்னூட்டலை அந்த 100 ஓமுக்கு அப்பாலிருந்து ஒரு தடையி வழியாக எடுங்கள். 1 கிலோஹேர்ட்ஸில் அதன் பிழையை விரியலாக்கியே ஈடுசெய்யும். உயர் மீடிறனுக்கு மட்டும் வெளியீட்டு முனையிலிருந்து மறை உள்ளீட்டுக்குச் சிறு கொள்ளளவி ஒன்றைப் போடுங்கள். அதன் பெறுமானத்தைத் தடவிக் கண்டுபிடிக்க முடியாது. பின்னூட்டல் தடத்தின் விரியலாக்கத்தை (loop gain) மீடிறனுக்கெதிரே வரைந்து, அவத்தை விளிம்பை (அலைவு தொடங்கும்வரை அவத்தையில் மிச்சமுள்ள இடைவெளியை) பார்த்தே தெரிவு செய்ய வேண்டும். நான் வலியுறுத்தும் படிப்பு இதுதான்.

சுன்னாகத்தார்: தெரிவு செய்தபின், வடத்தைக் கிணற்றில் இறக்கிவிட்டுச் சிறிய சதுர அலையொன்றைக் கொடுத்து வெளியீடு இறுதி மட்டத்தைத் தாண்டும் மீறலை அளந்து பாருங்கள். ஏறத்தாழ 23 சதவீதம் மீறினால் அவத்தை விளிம்பு 45 பாகையளவில் இருக்கிறது; அதைவிடக் கூடினால் வரைபில் ஏதோ விடுபட்டிருக்கிறது. பாவித்த 20 மெகாஹேர்ட்ஸ் அலைவுகாட்டி இதற்குப் போதும். அதை வாங்குவதைப் பிற்போட வேண்டாம் என்பதில் நான் மாறமாட்டேன்.

நல்லூரான்: வாங்கட்டும். ஆனால் அலைவுகாட்டியின் முனையால் சுற்றைத் தொடுமுன் எத்தனை சதவீதம் வரும் என்று தாளில் எழுதி வைத்துவிட்டுத் தொடட்டும்.