மூன்றாவது முறை போனபோதுதான் அந்தக் கடை பிடிபட்டது

வேலை மாற்றலாகி இந்தச் சின்ன நகரத்துக்கு வந்து பதினான்கு மாதம் ஆகிறது. பெரிய நகரத்தில் இருந்தவரை கடை தேடும் வேலையே எனக்கு இருந்ததில்லை. போனைத் திறப்பேன், ஆயிரக்கணக்கானவர்கள் மதிப்பெண் போட்டிருப்பார்கள், மேலே இருக்கும் கடைக்குப் போய்விடுவேன். இங்கே அது எடுபடவில்லை. ஒரு கடைக்கு மொத்தமே பதினொரு பேர்தான் எழுதியிருப்பார்கள். அதில் ஒன்பது பேர் ஐந்து நட்சத்திரம் கொடுத்து, ஏதோ கோபத்தில் இரண்டு பேர் ஒன்று போட்டால் சராசரி 4.3-க்கு இறங்கிவிடுகிறது. ஆயிரம் பேர் எழுதிய இடத்தில் அந்த இரண்டு பேர் இருந்த சுவடே தெரியாது.

அதனால் எனக்கு நானே ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். எந்தக் கடையானாலும் மூன்று முறை போக வேண்டும், மூன்றும் வேறு வேறு நேரமாக இருக்க வேண்டும். காலைக் கூட்டத்தில் ஒரு முறை, மதியம் கடை ஓய்ந்து கிடக்கும்போது ஒரு முறை, மூடுவதற்கு முன்னால் ஒரு முறை. அதற்குப் பிறகுதான் நல்லதோ கெட்டதோ வாயைத் திறப்பது.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு கஃபே. முதல் நாள் காலை எட்டரைக்குப் போனேன். கல்லாவில் நீள வரிசை. வந்த காபி கசந்தது, பாலில் காய்ந்த வாடை. பாதிக் கோப்பையோடு எழுந்து வந்துவிட்டேன். கணக்குப்படி இன்னும் இரண்டு முறை பாக்கி இருந்ததால் மட்டுமே மறுபடி போனேன்.

அடுத்த முறை மணி மூன்றரை. உள்ளே என்னையும் சேர்த்து இரண்டு பேர். கவுன்டருக்குப் பின்னால் ஒரு பெண், இருபத்தைந்து வயது இருக்கலாம். பொடியை அழுத்திப் பூட்டினார், பொத்தானை அழுத்திவிட்டு மேலே இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். ஊற்றிய காபியை முகர்ந்தார், அப்படியே தொட்டியில் கொட்டினார். அரைவை இயந்திரத்தின் வளையத்தை ஒரு துளி திருகிவிட்டு மறுபடி முதலில் இருந்து ஆரம்பித்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு பால். ஒரு கையால் ஜாடியைப் பிடித்து, மறு உள்ளங்கையை அதன் வயிற்றில் வைத்துக்கொண்டே நீராவியைத் திறந்தார். கை தாங்காத சூடு வந்த நொடியில் மூடினார். நீராவிக் குழாயை ஈரத்துணியால் துடைத்து, ஒரு முறை காற்றில் ஊதவிட்டார். எல்லாம் சேர்ந்து இரண்டு நிமிடம் இருக்கும்.

காபி அவ்வளவு நன்றாக இருந்தது. காலையில் குடித்ததைச் சொன்னேன். முகம் சுளிக்காமல் சொன்னார்: "பால் அறுபது, அறுபத்தஞ்சு டிகிரியில நிறுத்திடணும் அண்ணா. எழுபதைத் தாண்டினா அந்த இனிப்பு போயிடும். காலையில பத்து பேர் நிக்கறப்ப கை தப்பிடுது." எஸ்பிரெசோவுக்கும், அதாவது இயந்திரத்தில் இறக்கும் கெட்டிக் காபிக்கும், அதே மாதிரி நேரக்கணக்கு உண்டு என்றார். காற்றழுத்தத்தைப் போல ஒன்பது மடங்கு அழுத்தத்தில் வெந்நீர் பொடிக்குள் போகிறது, 25 முதல் 30 நொடிக்குள் இறங்கிவிட வேண்டும். பதினைந்து நொடியில் ஓடிவந்தால் புளிப்பு, நாற்பதைத் தொட்டால் கசப்பு. காற்றின் ஈரமும் சூடும் மாறும்போது அரைவையையும் மாற்ற வேண்டும். நான் பார்த்த அந்தத் துளித் திருகல் அதற்குத்தான்.

மூன்றாவது முறை, மூட முக்கால் மணி இருக்கும்போது போனேன். இயந்திரத்தைப் பிரித்து, கழுவும் தூள் போட்டு உள்ளே கழுவிக்கொண்டிருந்தார். காபிக் கொட்டையின் எண்ணெய் உள்ளே தங்கினால் கெட்டுப்போய், மறுநாள் எந்தக் கொட்டையைப் போட்டாலும் அந்த வாடைதான் வருமாம். "கழுவியாச்சு அண்ணா, இனிமே போட்டா திரும்ப அழுக்காயிடும். நாளைக்கு வாங்களேன்" என்றார். கையில் காசோடு நிற்பவரைத் திருப்பி அனுப்பினார். அந்த இடத்தில்தான் அந்தக் கடை எனக்குப் பிடிபட்டது. அன்று முதல் வாடிக்கை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கே வந்த புதிதில் மூன்று மாதம் எனக்கு யாரையும் தெரியாது. அலுவலகம், அறை, அறை, அலுவலகம். ரே ஓல்டன்பர்க் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் இதற்கு ஒரு பெயர் சொன்னார்: மூன்றாம் இடம். வீடு முதல் இடம், வேலை இரண்டாவது. ஏன் வந்தாய் என்று யாரும் கேட்காமல் போய் உட்கார ஒரு மூன்றாவது வேண்டும். இப்போது நான் இருக்கும் வீடு அந்தக் கஃபேயின் சுவரில் ஒட்டியிருந்த கையெழுத்து அறிவிப்பில் இருந்துதான் கிடைத்தது. இது புது வழக்கமும் இல்லை. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டனில் எட்வர்ட் லாய்ட் வைத்திருந்த காபிக்கடையில் கப்பல்காரர்களும் வணிகர்களும் கூடிச் செய்தி பேசினார்கள். லாய்ட்ஸ் காப்பீட்டுச் சந்தை அங்கிருந்து வளர்ந்ததுதான்.

உங்கள் ஊரில் நீங்கள் எப்படிக் கடை கண்டுபிடித்தீர்கள்? நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்.

*

நான் மதுக்கூடம் (பார்) பற்றி எழுதுகிறேன்.

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை, கதவு திறந்த கையோடு உள்ளே போனேன். குழாய் பீர் கேட்டேன். முதல் வாயிலேயே ஏதோ சரியில்லை. நுரை இல்லை, சப்பென்று இருந்தது. சொன்னால் சண்டை வருமோ என்று தயங்கித்தான் சொன்னேன். பரிமாறுபவர் கிளாஸை வாங்கி, வேறொரு சின்னக் கிளாஸில் கொஞ்சம் ஊற்றிக் குடித்துப் பார்த்தார். "தப்பு என்னோடதுதான்" என்றார். குழாயைத் திறந்து இரண்டு கிளாஸ் அளவுக்குச் சாக்கடையில் விட்டார். மூன்றாவதை எனக்குக் கொடுத்தார். வேறு பீர் போலவே இருந்தது.

காரணத்தை அவரே விளக்கினார். குளிர் அறையில் இருக்கும் பீப்பாயிலிருந்து கவுன்டர் வரை ஒரு நீளக் குழாய் வருகிறது. ராத்திரி கடை மூடிய பிறகு அந்தக் குழாயில் நிற்கும் பீர் மறுநாள் சாயங்காலம் வரை அங்கேயே கிடக்கும். திறந்ததும் அதை வெளியே விட வேண்டும், அன்று மறந்துவிட்டார். குழாயை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மருந்து போட்டுக் கழுவவும் வேண்டும். தவறினால் உள்ளே கிருமி படிந்து, பீரில் வெண்ணெய் வாடையோ காடிப் புளிப்போ ஏறும்.

அந்த வெண்ணெய் வாடையை இதே நகரத்தில் வேறொரு இடத்தில் பிடித்துவிட்டேன். குழாய் எப்போது கழுவினீர்கள் என்று மரியாதையாகத்தான் கேட்டேன். பதில் வரவில்லை, பில் வந்தது. பெயர் வேண்டாம். அங்கே பிறகு போகவில்லை.

முதலில் சொன்ன பரிமாறுபவரிடம் கற்ற இன்னொன்று, கிளாஸைப் படிப்பது. ஊற்றியதும் குமிழிகள் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றால் அங்கே எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது என்று அர்த்தம். குடிக்கக் குடிக்க நுரை வளையம் வளையமாகச் சுவரில் தங்கினால் கிளாஸ் சுத்தம். பாட்டிலில் வாங்குவதானால், ஜன்னல் வெயிலில் அழகுக்கு அடுக்கிய பச்சை பாட்டிலைத் தொடாதீர்கள். வெளிச்சம் பட்டால், பீருக்குக் கசப்புத் தரும் ஹாப் பூவின் சத்து உடைந்து நாறும். பழுப்புக் கண்ணாடி அந்த வெளிச்சத்தைப் பெரும்பாலும் தடுத்துவிடும்.

அப்புறம், சின்ன நகரங்களில் கடைசிப் பேருந்து சீக்கிரம் போய்விடும். வீடு திரும்பும் வழியை முதல் கிளாஸுக்கு முன்னாலேயே முடிவு செய்துவிடுங்கள். நான் வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டுத்தான் கிளம்புவேன்.

*

மூன்று முறை என்பதை ஏற்க முடியவில்லை, மன்னிக்கவும்.

ஒரு உணவகத்தில் வரிசையாகத் தட்டுகள் வைத்து நாமே எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு. மதியம் மூன்று மணி. கிண்ணத்தைத் தொட்டால் வெதுவெதுப்பு, கீழே இருந்த விளக்கு எப்போதோ அணைந்திருந்தது. பசியில் சாப்பிட்டேன். இரண்டு நாள் படுக்கை, ஒரு நாள் சலைன். சூடாக வைத்திருக்க வேண்டிய சாப்பாடு 60 டிகிரிக்குக் கீழே மணிக்கணக்கில் இருந்தால் கிருமி பெருகும் என்று மருத்துவர் சொன்னார். காபி கசந்தால் மறுபடி போகலாம். இந்த விஷயத்தில் இரண்டாவது வாய்ப்பே கிடையாது. கரண்டியை எடுக்கும் முன் ஆவி வருகிறதா என்று பாருங்கள்.

*

மேலே எழுதிய மூவருமே உள்ளே போய் உட்கார்ந்துவிட்டுச் சுவையைப் பற்றி எழுதுகிறீர்கள். தனியாகப் போகும் பெண்ணுக்கு அதற்கு முன்னால் ஒரு படி இருக்கிறது: எங்கே உட்கார வைக்கிறார்கள்.

"ஒருத்தர்தானா மேடம்?" என்று கேட்டுவிட்டு, ஜன்னல் ஓரம் காலியாக இருக்கும்போதே, கைகழுவும் இடத்துக்குப் பக்கத்து மேசையைக் காட்டுவார்கள். இந்த நகரத்தில் ஐந்து இடங்களில் எனக்கு இது நடந்திருக்கிறது. சாப்பாடு எப்படி இருந்தாலும் அந்த இடங்கள் என் பட்டியலில் இல்லை.

ஆறாவதாகப் போனது வயதான கணவனும் மனைவியும் நடத்தும் இடம். மொத்தம் ஆறு மேசை. "எங்கே பிடிச்சிருக்கோ உக்காரும்மா" என்றார் அந்த அம்மா. கரும்பலகையில் ஒன்பது பெயர்கள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் கணவர் வந்து இரண்டைத் துணியால் அழித்தார். தீர்ந்துவிட்டதாம். முதலில் ஏமாற்றமாக இருந்தது, அப்புறம் யோசித்தேன். ஆளே இல்லாத கடையில் நூற்று நாற்பது பெயர் போட்ட மெனுவைக் கொடுத்து, கேட்டதெல்லாம் இருக்கிறது என்றால் அது எத்தனை நாளாக உறைபெட்டியில் கிடந்தது? அழிக்கிறார்கள் என்றால் காலையில் வாங்கியதை அன்றே சமைக்கிறார்கள்.

அங்கே இன்னொன்று கவனித்தேன். தொலைக்காட்சி இல்லை. பக்கத்து மேசையில் பேசுவது காதில் விழும், ஆனால் இரைச்சல் இல்லை. பலத்த சத்தத்துக்கு நடுவில் சாப்பிட்டால் இனிப்பும் உப்பும் நாக்குக்கு மங்கலாகத் தெரியும் என்பதைச் சோதனை செய்தே காட்டியிருக்கிறார்கள். பாட்டை அலறவிடும் கடைகளில் எல்லாமே ஏன் சப்பென்று இருந்தது என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

கைப்பக்குவம் பற்றித் தனியாக எழுத வேண்டும். இப்போது நேரமில்லை. கிளம்பும்போது அந்த அம்மா தண்ணீர் பாட்டிலை வாங்கி நிரப்பிக் கொடுத்தார், நான் கேட்காமலேயே.

*

தலைப்பைத் தொடங்கியவன்தான் மறுபடி எழுதுகிறேன்.

வெதுவெதுப்பான சாப்பாடு பற்றி எழுதியவர் சொன்னது சரி. என் மூன்று முறைக் கணக்கு சுவைக்கு மட்டும்தான். சூடு, சுத்தம் இரண்டிலும் முதல் முறையே கடைசி முறை என்று மாற்றிக்கொள்கிறேன்.

கடைசியாக எழுதியவரின் பதிவைப் படித்துவிட்டு, இந்த வாரம் நான் வழக்கமாகப் போகும் மூன்று இடங்களிலும் தனியாக வருபவர்களை எங்கே உட்கார வைக்கிறார்கள் என்று கவனித்தேன். பதினான்கு மாதமாக இந்த ஊரில் இருக்கிறேன், ஒரு நாளும் இதைப் பார்த்ததில்லை. கஃபேயில் பிரச்சினை இல்லை. இரவு உணவுக்குப் போகும் இடத்தில் அப்படியே அவர் சொன்ன மாதிரிதான்: சமையலறைக் கதவை ஒட்டி ஒரு குட்டி மேசை, கதவு திறக்கும்போதெல்லாம் நாற்காலியில் இடிக்கிறது. செவ்வாய் இரவு அதில் ஒரு பெண் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். ஜன்னல் ஓரம் இரண்டு மேசை காலி.

பில் கொடுக்கும்போது முதலாளியிடம் சொன்னேன். "யாரும் இதுவரைக்கும் சொன்னதில்லையே சார்" என்றார். அக்கறையாகத்தான் கேட்டுக்கொண்டார். நேற்று அந்த வழியாகப் போனபோது எட்டிப் பார்த்தேன். மேசை இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. வியாழக்கிழமை சாப்பிடப் போகும்போது மறுபடி சொல்கிறேன்.