புதுப்பிப்பு: தட்டடவுக்கு விளக்கு எரிய வைக்கும் பீசோ சென்சார்

முந்தைய பதிவில், பரதநாட்டியத்தில் காலால் தரையைத் தட்டும் தட்டடவுக்காக, 27 மி.மீ பீசோ வட்டை (அதிர்வை மின்னழுத்தமாக மாற்றும் சிறு தகடு) வெல்க்ரோவால் கணுக்காலில் கட்டி, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு விளக்கு மாறும்படி செய்யச் சொல்லியிருந்தோம். அது வேண்டாம். சலங்கை குலுங்கினாலே பீசோ தட்டாக எண்ணிவிடுகிறது. காலைத் தூக்கும்போதும் விளக்கு மாறினால் பார்ப்பவருக்கு அடவு தப்பியது போலத் தெரியும்.

இப்போது சென்சார் தரைக்குப் போய்விட்டது. 12 மி.மீ பிளைவுட் பலகையின் அடிப்பக்க நடுவில் வட்டை எபாக்ஸியால் ஒட்டவும். இரட்டைப் பக்க டேப் அதிர்வை விழுங்கிவிடும். வட்டுக்கு இணையாக 1 மெகாஓம் ரெசிஸ்டரும் 3.3 வோல்ட் ஜீனர் டயோடும் போடாமல் ஈஎஸ்பி32 மைக்ரோகண்ட்ரோலரில் இணைக்காதீர்கள். ஓங்கி மிதித்தால் வரும் மின்னழுத்தம் அதன் உள்ளீட்டுப் பின்னைக் கெடுத்துவிடும்.

தவறாகச் சொன்ன இன்னொன்று: ஒரு தட்டுக்குப் பிறகு அடுத்ததை எண்ணாமல் 300 மில்லிவினாடி காத்திருப்பு. நிமிடத்துக்கு 60 தாளத்தில் மூன்றாம் காலத் தட்டுகள் (ஒரு தாளத்துக்கு நான்கு) 250 மில்லிவினாடிக்கு ஒன்று வருகின்றன, ஆக ஒன்றுவிட்டு ஒன்று தொலைந்துபோகும். 90 மில்லிவினாடி போதும்.

பல பலகைகளை அடுத்தடுத்து வைத்தால், ஒன்றை மிதிக்கும்போது பக்கத்துப் பலகையும் சேர்ந்து அதிரும். 10 மில்லிவினாடிக்குள் வந்த அதிர்வுகளில் பெரியதை மட்டும் எடுங்கள்.

வைஃபை தேவையில்லை, யூஎஸ்பி கம்பியே மேல். வைஃபைதான் வேண்டுமென்றால் பீசோவை 32 முதல் 39 வரையுள்ள ஜிபிஐஓ பின்களில் வையுங்கள். ஏடிசி2 பின்கள் (மின்னழுத்தத்தை அளக்கும் இரண்டாம் தொகுதிப் பின்கள்) வைஃபை ஓடும்போது ஒத்துழைக்காது.

நட்டுவனார் கோலால் தாளம் தட்டும் நட்டுவாங்கத் தட்டுப்பலகைக்கு அடியில் கனமான பாய் விரியுங்கள். இல்லையென்றால் விளக்கு நட்டுவனாருக்குத்தான் ஆடும்.