கட்டடத்தைச் சிற்பமாக வடிக்கலாமா? ஃபிராங்க் கெரியை முன்வைத்து ஒரு விவாதம்

ரசமட்டம்:
அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் கெரியைப் பற்றி, "கெரி கட்டடம் கட்டவில்லை, சிற்பம் வடித்தார்" என்று களிமண் நேற்று எழுதியிருந்தார். எனக்கு அது புகழ்ச்சியாகப் படவில்லை. சிற்பத்துக்கு வடிகால் வேண்டாம், கழிப்பறை வேண்டாம், தீப்பிடித்தால் வெளியேற வழியும் வேண்டாம். கட்டடத்துக்கு இவை எல்லாமே வேண்டும். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்காக அவர் வடிவமைத்த ஸ்டாட்டா மையம் 2004இல் திறக்கப்பட்டது. மூன்றே ஆண்டுகளில், 2007இல், அந்தக் கழகம் அவருடைய நிறுவனத்தின் மீதும் ஒப்பந்த நிறுவனத்தின் மீதும் வழக்குத் தொடுத்தது. ஒழுகல், பூஞ்சை, வெளியரங்கின் கல்வேலையில் விரிசல் என்பவை குற்றச்சாட்டுகள். 2010இல் அது சமரசத்தில் முடிந்தது. சாய்ந்த சுவரும் வளைந்த கூரையும் கூடும் இடத்தில் தண்ணீர் எங்கே போகும் என்று முடிவு செய்த பிறகுதான் வளைவில் கை வைக்க வேண்டும்.

களிமண்:
ஒரு வழக்கை வைத்து ஒரு வாழ்நாள் உழைப்பை எடைபோடாதீர்கள். ஸ்பெயினில் பில்பாவோ நகரத்துக் குகன்ஹைம் அருங்காட்சியகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1997இல் நெர்வியோன் ஆற்றங்கரையில், கப்பல் தொழிலும் இரும்புத் தொழிலும் நொடித்துப்போன ஊரில் எழுந்தது அது. அதன் வெளித்தோல் டைட்டானியம். ஒவ்வொரு தகடும் 0.38 மில்லிமீட்டர் தடிமன்தான். நான் சுவரை ஒட்டி நின்று பார்த்திருக்கிறேன். தகடுகள் விறைப்பாக இல்லை. தலையணை போல லேசாக உப்பி, ஒவ்வொன்றும் ஒளியை ஒவ்வொரு விதமாக வாங்குகிறது. மேகம் மூடியிருந்தபோது சாம்பல் நிறமாக இருந்த சுவர், வெயில் எட்டிப் பார்த்ததும் பொன்னிறமாக மாறியது. அளவுகோல் வைத்துக் கோடு போடுபவருக்கு இந்தத் தோல் தோன்றியிருக்காது. கெரி காகிதத்தையும் மரத்தையும் வெட்டி, மடித்து, ஒட்டி, பிரித்து, மறுபடி ஒட்டி மாதிரி செய்தவர். கையால் தேடிக் கண்டடைந்த வடிவம் அது.

ரசமட்டம்:
கையால் செய்ததை அப்படியே பெரிதாக்கினால் கட்டடம் நின்றுவிடுமா?

களிமண்:
அப்படியே பெரிதாக்கவில்லை. மாதிரியின் பரப்பைக் கருவியால் புள்ளி புள்ளியாகத் தொட்டுக் கணினியில் ஏற்றினார்கள். அதற்குப் பயன்பட்டது கேட்டியா என்ற மென்பொருள். பிரான்ஸின் டசால்ட் நிறுவனம் விமான வடிவமைப்புக்காக உருவாக்கியது. 1992 ஒலிம்பிக்கை ஒட்டி பார்சிலோனா கடற்கரையில் கெரி எழுப்பிய மாபெரும் உலோக மீன் சிற்பத்தில் அது முதலில் பயன்பட்டது. வளைவு எங்கே எவ்வளவு திரும்புகிறது என்ற துல்லியமான கணக்கு அதிலிருந்து கிடைத்தது. எஃகுச் சட்டத்தை வெட்டுபவர் ஊகித்து வெட்டத் தேவையில்லாமல் போனது. உங்கள் கட்டுமானத் துறைக்கும் அதனால் நன்மைதான்.

மூலைமட்டம்:
இருவருக்கும் இடையில் ஒரு செய்தி. பில்பாவோவில் 19 காட்சிக்கூடங்கள் உள்ளன. அவற்றில் 10 கூடங்கள் நேர்ச்சுவர் கொண்ட சாதாரணச் செவ்வக அறைகள். வெளியே அவை கல் போர்த்தியவை, வளைந்தவை டைட்டானியம் போர்த்தியவை. அதாவது எங்கே முறுக்கலாம், எங்கே முறுக்கக் கூடாது என்று கெரி அறிந்திருந்தார். ஓவியம் மாட்ட நேர்ச்சுவர் வேண்டும் அல்லவா? ஆனால் அந்த நகரத்தையே இந்த ஒரு கட்டடம் காப்பாற்றியது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்த மெட்ரோ நிலையங்கள் 1995லேயே திறந்துவிட்டன. ஆற்றைத் தூய்மை செய்யும் வேலையும் தனியே நடந்தது. பிறகு எத்தனையோ நகரங்கள் அந்த அடிப்படை வேலைகளை விட்டுவிட்டு, வளைந்த கட்டடம் ஒன்றை மட்டும் கேட்டு வரிசையில் நின்றன. அது அவர் தவறு இல்லை, ஆனாலும் வருத்தமாக இருக்கிறது.

ரசமட்டம்:
10 நேரான கூடங்கள் என்பது எனக்குப் புதுச் செய்தி, நன்றி. சரி, லாஸ் ஏஞ்சலிஸுக்கு வாருங்கள். 2003இல் திறந்த வால்ட் டிஸ்னி இசையரங்கில் ஒரு பகுதித் தகடுகளைக் கண்ணாடி போல மெருகேற்றி, உட்குழிவாக வளைத்திருந்தார்கள். உட்குழிந்த பளபளப்பு வெயிலை ஓரிடத்தில் குவிக்கும். எதிர்வீடுகளில் வெப்பம் தாங்கவில்லை. 2005இல் அந்தத் தகடுகளைத் தேய்த்து மங்கலாக்கினார்கள். பள்ளி மாணவனுக்கும் தெரிந்த ஒளியியல் இது. சிற்பியின் கண் தன் பொருளை மட்டும் பார்க்கிறது, எதிர்வீட்டு ஜன்னலைப் பார்ப்பதில்லை. என் கோபம் அதில்தான்.

களிமண்:
அந்தத் தகடுகள் பிழை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் வாசலிலேயே நின்றுவிட்டீர்கள். உள்ளே வாருங்கள். 2,265 இருக்கைகள் மேடையைச் சுற்றிலும் அடுக்கடுக்காக அமைந்திருக்கின்றன. கூரை பாய்போல் தொய்ந்து இறங்குகிறது. ஒலியமைப்பு வல்லுநர் யாசுஹிசா டொயோட்டாவோடு சேர்ந்து, பத்தில் ஒரு பங்கு அளவில் மாதிரி அரங்கு கட்டி, அதற்குள் ஒலியைச் சோதித்துப் பார்த்த பிறகுதான் வடிவத்தை முடிவு செய்தார்கள். அங்கே வளைவு அலங்காரம் இல்லை. ஒலி எங்கே பட்டு எங்கே திரும்ப வேண்டுமோ அதற்கேற்ப அமைந்தது. காதுக்காக வடித்த சிற்பம் என்றால் உங்களுக்குச் சம்மதமா?

ரசமட்டம்:
உள்ளரங்கைப் பற்றி எனக்கு வாதமே இல்லை. என் அனுபவம் ஒன்று சொல்கிறேன். வளைந்த கூரை ஒன்றின் கூடல்வாயில், அதாவது இரு சரிவுகள் கூடும் பள்ளத்தில், மூன்று மழைக்காலம் சாரம் கட்டி ஏறியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் பழைய அடைப்புப் பசையைச் சுரண்டி எடுப்பேன், அது காய்ந்த தோல் போல உரிந்து வரும். அடியில் தகடு ஈரமாக இருக்கும். வரைபடத்தில் அந்த மூட்டு ஒற்றைக் கோடு. ஒலிக்கு மாதிரி கட்டிச் சோதித்த அதே பொறுமையோடு, முழு அளவில் ஒரு கூடல்வாயைக் கட்டி, ஒரு வாரம் தண்ணீர் பீய்ச்சிப் பார்க்க வேண்டும். வளைந்த கட்டடம் ஒவ்வொன்றுக்கும் இதைக் கட்டாயமாக்க வேண்டும்.

களிமண்:
முழு மனதோடு ஏற்கிறேன். ஆனால் அந்தச் சோதனையில் ஒழுகினால் வளைவை நிமிர்த்தச் சொல்வீர்களா, மூட்டை மாற்றச் சொல்வீர்களா?

ரசமட்டம்:
முதலில் மூட்டை. மூன்று முறை மாற்றியும் ஒழுகினால் வளைவை.